கடலூர் வண்டிக்கு நாலு கூடை

நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். விருத்தாசலத்திலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பீங்கான் சூளையில் தீ போடும் தொழிலாளி ஒருவரை ரயில் நிலையத்தில் பிடித்துவிட்டார்கள் என்று ஒரு நாள் முற்பகலில் தகவல் வந்தது. காவல் நிலையத்துக்குப் போனேன்.

ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேசையில் அவருடைய நோட்டு. பக்கம் பக்கமாக ரயில்கள்: சேலம் பாசஞ்சர், கடலூர் வண்டி, திருச்சி போகும் சரக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். போதாக்குறைக்கு, தினமும் ரயில் நிலையத்துக்குப் போய் எந்த வண்டி தாமதம் என்று விசாரித்திருக்கிறார்.

"தண்டவாளத்துல எவனாவது கை வெச்சா யாரு பதில் சொல்றது? தடுப்புக் காவலுக்கு எழுதப்போறேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் கவலை பொய்யில்லை. நான்கு பக்கமும் வண்டி போகிற சந்திப்பு. தண்டவாளத்துக்குக் காவல் வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் தடுப்புக் காவலில் வழக்கும் இல்லை, வாய்தாவும் இல்லை. போனவர் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

"என்னங்க நம்பரு இது?" என்று தொழிலாளியைக் கேட்டேன்.

"கரிக்கூடைங்க. ஷெட்டுல கடியாரம் கெடையாது. வண்டி போனா அள்ளிப் போடுவோம்."

"வண்டி லேட்டானா பீங்கான் வேவாதாய்யா?" ஏட்டு சிரித்தார்.

"அதுக்குத்தான் சார் ஸ்டேஷன்ல கேக்கறது. லேட்டுன்னா மணி பாத்துட்டு வந்து போட்டுருவோம்."

"இத நான் நம்பணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நம்ப வேணாம் சார், போயி பாருங்க," என்றேன். "போயிட்டு வர அரை மணி நேரம். பாக்காம எழுதிட்டீங்கன்னா இவருக்கு எத்தன வருஷம்னு உங்களுக்கே தெரியாது."

"உங்களையும் சேத்து எழுதவா?" என்று முறைத்தார். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். என்னையும் ஏறச் சொன்னார்.

சூளை எரிந்துகொண்டிருந்தது. தீயைப் பாதியில் விட முடியாது என்பதால் தொழிலாளியின் மனைவி கரி போட்டுக்கொண்டிருந்தார். கணவர் பிடிபட்டது அவருக்குத் தெரியாது.

"டயம் கேக்கப் போன மனுஷன் அங்கயே குந்திட்டாரு," என்றார். அதற்குள் ரயில் ஊதியது. "வழி வுடுங்க சார், கடலூர் வண்டி போவுது."

நான்கு கூடை கொட்டினார். இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தார். நான்கு.

"சேலம் வண்டிக்கு?"

"ஆறு போதும். அவரு ஏழு போடுவாரு. வீண்."

நோட்டில் ஏழு இருந்தது.

காவல் நிலையம் திரும்பியதும் இன்ஸ்பெக்டர் தொழிலாளியைப் போகச் சொன்னார். பிடித்ததையும் விட்டதையும் நிலையப் பதிவேட்டில் எழுதச் சொன்னேன்.

"வுட்டாச்சே. இன்னும் என்னத்த எழுதறது?"

"புடிச்சதையே இன்னும் எழுதல. நாளைக்கு யாராச்சும் கேட்டா ரெண்டு பேருக்கும் இதுதான் சாட்சி."

முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். பிடித்த நேரம், காரணம், விட்ட நேரம். கையெழுத்துப் போட வந்த தொழிலாளி உடனே பேனாவைத் தொடவில்லை. விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.

"பத்து மணி இல்லீங்க சார். ஒம்போதரை."

இன்ஸ்பெக்டர் பத்தை அடித்து, ஒன்பதரை என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். அதன் பிறகே தொழிலாளி கையெழுத்துப் போட்டார்.