முழங்காலுக்குள் ஒரு சாவிக்கொத்து

பௌதிகம் படித்துவிட்டுச் சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்குத் திரும்பிய பெண்ணுக்கு அந்த நாளில் பள்ளிக்கூட வேலை ஒன்றுதான் உண்டு என்று வீட்டில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீலகிரியின் பைகாரா அருவியிலிருந்து மின்சாரம் ஊருக்குள் வந்ததும், ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இயந்திரம் வாங்கிவைத்து, அதை இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடினார்கள். அப்பா தயங்கினார். நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அங்கே நாங்கள் மூன்று பேர். எக்ஸ்ரே டாக்டர், நான், பிறகு ஓர் ஆயா. குழந்தைகளுக்குப் படம் எடுக்கும்போது அவை துள்ளாமல் பிடித்துக்கொள்வது ஆயாவின் வேலை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். உக்கடத்துப் பக்கம் வீடு. எப்படி அலறுகிற குழந்தையும் அவள் கைக்குப் போனால் அடங்கிவிடும்.

ஒருநாள் பெருந்துறையிலிருந்து ஒரு விவசாயி முழங்கால் வலியோடு வந்தார். படம் எடுத்து, இருட்டறையில் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மூட்டெலும்புக்கு மேலே துல்லியமாக ஒரு சாவிக்கொத்து. வளையம்கூடத் தெரிந்தது.

அவரும் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, என்ற முட்டிக்குள்ள சாவிங்களா?"

டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "வேற பிலிம்ல எடுத்துக் குடுத்துருங்க அம்மணி. இது கெட்டுப்போச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே பெட்டியிலிருந்து இன்னொரு பிலிமை எடுத்து, படமே எடுக்காமல் கழுவினேன். அதிலும் சாவி. எக்ஸ்ரே அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு இருந்தது. எங்கள் பக்கத்து ஆணியில் யாரும் தொடாத ஒரு பழைய பீரோவின் சாவிக்கொத்து தொங்கியது. அதற்கு நேர் பின்னால், அடுத்த அறை அலமாரியில், பிலிம் பெட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கதிர் பலகையைத் தாண்டிப் போய்ச் சாவியைப் படம் பிடித்திருக்கிறது. பலகையைத் தாண்டியது என்றால் வேறு எதையெல்லாம் தாண்டியது? அந்த அறையில் எங்கே நின்றால் படாது?

அன்றைக்குத்தான் டாக்டரின் இடது கையைச் சரியாகப் பார்த்தேன். தினமும் காலையில் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, அவர் தன் கையைக் கதிர் பட்டால் ஒளிரும் திரைக்கு முன்னால் நீட்டுவார். எலும்புகள் தெளிவாகத் தெரிந்தால் வேலை தொடங்கும். அந்தக் கையில் நகங்கள் வரிவரியாக வெடித்திருந்தன. தோல் பழைய காகிதம் போலக் காய்ந்திருந்தது. ஆட்காட்டி விரலில் ஆறாத ஒரு புண்.

"படம் கழுவற மருந்துத் தண்ணியில கையை விட்டு விட்டு இப்படி ஆயிருச்சுங்க" என்றார்.

"அந்தத் தண்ணியில நானுந்தானுங்க கை விடறேன்" என்றேன். என் கைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அவர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பல்லுக்கு எடுக்கிற சின்ன பிலிம்களைக் கறுப்புத் தாளில் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கொண்டை ஊசியைச் செருகினேன். கதிர் பட்டால் பிலிம் கறுக்கும், ஊசி மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். ஒன்றை டாக்டரின் கோட்டுப் பையில் போட்டேன். ஒன்றைத் துணியில் பொதிந்து ஆயாவின் ரவிக்கையில் தைத்தேன். ஒன்று எனக்கு. இன்னொன்றை வீட்டில் அடுக்களை அலமாரியில் வைத்தேன். சில வாரங்கள் கழித்து எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டுக் கழுவினேன். வீட்டிலிருந்தது சுத்தமாக இருந்தது. என்னுடையதில் ஊசி மங்கலாகத் தெரிந்தது. டாக்டருடையதில் தெளிவாகத் தெரிந்தது. ஆயாவுடையதில் பிலிம் முழுக்கக் கறுத்து, நடுவில் ஊசி மட்டும் வெள்ளையாக நின்றது.

ஆயா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்ற மேல பட்டதுங்களா?"

"ஆமா அக்கா."

"நான் ஊட்டுக்குப் போனா அதுவும் என்கூட வருதுங்களா? ஊட்டுல கைக்குழந்தை இருக்குதுங்க."

கதிர் கூட வராது, விளக்கை அணைத்தால் வெளிச்சம் போவது போல அதுவும் போய்விடும் என்று சொன்னேன். அவள் நிம்மதியாகத் தலையாட்டினாள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. வெளிச்சம் போய்விடும், சரி. வெயிலில் நின்று கறுத்தவனின் தோல், அவன் நிழலுக்கு வந்ததும் வெளுத்துவிடுகிறதா? பட்டது உடம்பில் தங்குமா, தேறுமா? நான் படித்த எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை.

டாக்டர் அந்தப் பிலிமை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தபடி நின்றார். மறுநாள் காலையில் அவர் திரைக்கு முன்னால் கையை நீட்டவில்லை. கசாப்புக் கடையிலிருந்து ஓர் ஆட்டெலும்பை வரவழைத்திருந்தார்.

ஈயம்தான் கதிரைத் தடுக்கும் என்பது தெரியும். ஈயத்துக்கு எங்கே போவது? ஆனைமலையிலிருந்து வருகிற தேயிலைப் பெட்டிகளுக்குள் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். தேயிலை மண்டியில் கேட்டு வாங்கி வந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்னால் வைத்த பிலிம் கறுப்பது நிற்கும் வரைக்கும் சேர்த்துக்கொண்டே போனேன். பலகைத் தடுப்பு முழுக்க அதை அடித்தோம். மிச்சத்தைச் சென்னிமலைப் போர்வைத் துணிக்குள் வைத்துத் தைத்து ஓர் அங்கி செய்தோம். அதன்பின் குழந்தையை அதன் அம்மாவே அங்கியை மாட்டிக்கொண்டு பிடித்தாள். அறை முழுக்கத் தேயிலை வாசம் அடித்தது.

ஆயாவை வார்டுக்குப் பால் காய்ச்சும் இடத்துக்கு மாற்றினார்கள். போவதற்கு முன் அவள் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன். கதிர் பட்டால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும் என்று ஒரு மருத்துவப் பத்திரிகையில் படித்து, அவற்றை எண்ணும் முறையை ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் கற்றிருந்தேன். இருக்கவேண்டியதைவிட மிகவும் குறைந்திருந்தன. அவ்வப்போது போய் எண்ணினேன். "மறுக்காவும் குத்தோணுங்களா?" என்று சலித்துக்கொண்டே விரலை நீட்டுவாள். மழைக்காலம் முடிவதற்குள் அணுக்கள் பழைய நிலைக்கு ஏறிவிட்டன. சொன்னபோது, "அப்ப, குத்தினது போதுமுங்க" என்று சொல்லிவிட்டுப் பால் பொங்குகிறது என்று ஓடினாள்.

டாக்டரின் கதை அப்படி முடியவில்லை. "என்ற கையைப் பாத்துக் கேமராவுல படம் புடிச்சு வையுங்க அம்மணி. வேற யாருக்காச்சும் உதவும்" என்று அவரே சொன்னார். ஒவ்வொரு மாதமும் மேசைமேல் அந்தக் கையை விரித்துவைப்பார். நான் பூதக்கண்ணாடியில் பார்த்துப் படம் எடுப்பேன். கதிர் படுவது நின்று மாதங்கள் ஆகியும் புண் ஆறவில்லை, ஆழமாகிக்கொண்டே போனது. சென்னையில் விரலை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்ததும், "எடுத்த விரலைக் கண்ணாடிக் குடுவையில போட்டு வச்சிருக்காங்க. போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார், சாதாரணமாக. நான் திரும்பிப் பிலிம் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினேன்.

ஒரே இயந்திரம், ஒரே கதிர். ஆயாவின் ரத்தம் தேறிவிட்டது, இவர் தோல் தேறவில்லை. ரத்தம் மறக்கிறது, தோல் ஏன் மறக்கவில்லை? பஸ்ஸில், சாப்பாட்டில், பூஜை அறையில் எல்லாம் இதுவே மண்டைக்குள் ஓடியது. எனக்கு வந்த இரண்டு வரன்களை அப்பாவிடம் சொல்லித் தள்ளிப்போட்டேன். அடுத்த ஆனியில், டாக்டரின் கைப்படங்களை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, குடுவையிலிருந்த அந்த விரலை நுண்ணோக்கியில் பார்க்க அனுமதி வாங்கிச் சென்னைக்கு ரயில் ஏறினேன். அங்கேதான் என் ஆராய்ச்சி தொடங்கியது.