மச்சான் சொன்ன இடம்

"வாட்ஸ்அப் இருக்கக்குள்ள இந்தப் பெட்டியோட என்ன கதை அண்ணா?"

என் தங்கை ராணி இதைக் கேட்காத நாள் கிடையாது. அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் எடுத்து, இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஏரியல் கம்பி கட்டி வைத்திருக்கும் எனக்கு எங்கள் மீனவக் கிராமமான உடப்பில் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

போன புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அதே ராணி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். விடியற்காலையில் கடலுக்குப் போன புருஷன் இன்னும் கரைக்கு வரவில்லை. ஃபோன் வேலை செய்யவில்லை. எப்படிச் செய்யும்? கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனால் எந்தக் கம்பெனி சிக்னலும் கிடையாதே! காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது.

ரேடியோ செட்டைப் போட்டேன். படகுக்காரர்கள் பேசும் சேனலில் எனக்குக் கேட்க மட்டும்தான் அனுமதி. உயிருக்கு ஆபத்து என்றால் பேசலாம். அரை மணி நேரம் வெறும் இரைச்சல். பிறகு, கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல மச்சானின் குரல்.

"இஞ்சின் நிண்டுட்டுது... படகு இழுபட்டுப் போகுது..."

"எங்க நிக்கிறாய் மச்சான்?"

மெதுவாக, "வடக்கால... கற்பிட்டிப் பக்கம்."

ராணி தலையில் அடித்துக்கொண்டாள். "பொய் சொல்றார் அண்ணா! அவர் நிக்கிற இடத்தில மீன் பட்டிருக்கு!"

விளங்கியதா? எங்கள் பக்கத்தில் செட்டில் யாரும் தாங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லமாட்டார்கள். சேனல் பொது. சொன்னால் கேட்ட படகெல்லாம் வந்து வலை போட்டுவிடும். அதனால் தெற்கே நிற்பவன் வடக்கு என்பான்... சரி, மீன் பிடிக்கிற நேரத்தில் சொல்லித் தொலையட்டும். இஞ்சின் செத்து, காற்றில் அள்ளுண்டு போகும்போதுமா? கையில் ஜி.பி.எஸ். இருக்கிறது. மேலே சுற்றுகிற சட்டலைட் அவன் நிற்கும் இடத்தை அச்சொட்டாகச் சொல்கிறது. அதை வாசிக்க இவனுக்கு வாய் வரவில்லை!

கரையில் இரண்டு படகுகள் புறப்பட ஆயத்தம். வடக்கே அனுப்பிவிட்டால், பிறகு ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது. எனக்கு ஆத்திரம் வந்தது. பயமும்தான்.

ராணி மைக்கைப் பறித்தாள். லைசென்ஸ் இல்லாதவர்கள் பேசக்கூடாது என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"இஞ்ச பாருங்க, உங்களுக்கு மீன் வேணுமா, நான் வேணுமா?"

கட்டிய மனுசி கேட்கிறாள் — யோசிக்கிறான், பாருங்கள்!

"வேற ஆரும் கேக்கிறாங்களா?" என்றான்.

"ஒருத்தரும் இல்ல," என்றேன் நான். பச்சைப் பொய்.

ஜி.பி.எஸ். காட்டிய இலக்கத்தைச் சொன்னான். தெற்கே, சிலாபத்துக்கு நேரே!

நாங்கள் அனுப்பியவை இரண்டு படகுகள். போய்ச் சேர்ந்தவை ஒன்பது. மீனுக்கு ஓடிய சிலாபத்துப் படகுதான் முதலில் அவனைக் கண்டு கயிறு போட்டது...

இந்தக் காலத்தில் அமெச்சூர் ரேடியோ எதற்கு என்று கேட்கிறார்கள். எட்டாத குரலை எட்ட வைக்க, ஐயா. எட்டிய குரலை உண்மை பேச வைக்கத்தான் இன்னும் ஒரு கருவியும் வரவில்லை.

மச்சான் என்னோடு கதைப்பதில்லை. மீனைக் காட்டிக்கொடுத்துவிட்டேனாம். சந்திக்குச் சந்தி நின்று என்னைத் திட்டிக்கொண்டு திரிகிறான்.

திட்டட்டும். திட்ட ஆள் இருக்கிறானே!