தேர்முட்டியில் வெறுங்கால்

காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டரில் பாய்ந்து சுழல்வது என் தொழில். அதற்கென்று எங்கள் ஊர் அளவெட்டியில் மைதானமா கட்டி வைத்திருக்கிறார்கள்? சுவாமியைத் தேரில் ஏற்றுகிற தேர்முட்டிதான் எனக்குக் கதி. நல்ல உயரம், வழுவழுப்பான சீமெந்துப் படிகள். தேரன்று மட்டும் சுவாமி ஏறுவார். மற்ற நாளெல்லாம் அங்கே ஆடுகள்தான் படுத்திருக்கும்.

ஒரு சப்பாத்துக் கொம்பனியின் விளம்பர வீடியோவுக்காக அங்கே பாய்ந்துகொண்டிருந்தேன். கோயில் தர்மகர்த்தா வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"பாயிறதெண்டால் பாய். ஆனால் சேட்டையும் சப்பாத்தையும் கழட்டிப்போட்டுப் பாய்!"

கோயில் வழக்கப்படி மேற்சட்டையையும் காலணியையும் கழற்றி வைத்துவிட்டுப் பாய்ந்தேன். வீடியோவைப் பார்த்த கொம்பனி மேலாளர் தொலைபேசியில் கத்தினார்.

"எங்கடை சப்பாத்து எங்கை?"

"பின்னாலை ஒரு ஆடு சப்பிக்கொண்டு நிக்குது, வடிவாய்ப் பாருங்கோ அண்ணை. அதுதான்."