அண்ணன் பெயருக்குப் போட்ட குண்டு எழுத்து

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு அருகே ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தேன். தமிழில் முதுகலை படித்தவன். பிழையில்லாத பேனர் என்று பெயர் எடுத்தவன். ஒரு பிழையும் இல்லாமலேயே ஒரு மனிதரைக் கேவலப்படுத்தலாம். நான் செய்தேன்.

என் கணினியில் இருந்த ஓர் எழுத்துருவைக் குண்டு எழுத்து என்போம். அதில் முனை என்பதே கிடையாது; ஒவ்வொரு மூலையும் கொழுத்த கன்னம்போல உருண்டிருக்கும். சிறிதாகப் போட்டால் ண, ஞ எல்லாம் சுழி அடைத்துக் கறுப்புக் கட்டியாகிவிடும். ஒரு முழ உயரத்துக்குப் போட்டால் ஓடும் பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். காதுகுத்து, பிறந்தநாள், ஸ்வீட் ஸ்டால், செல்போன் கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். எதை எழுதினாலும் சிரிக்கும். அதனால் சாவுக்கு மட்டும் அதைத் தொட மாட்டேன். கண்ணீர் அஞ்சலிக்கு மெல்லிய, நிமிர்ந்த எழுத்து.

பொதுக் கிணற்றுத் தண்ணீர் முறையில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. பத்து வருடம் பேச்சில்லை. அவர் இறந்த அன்று காலை, அவருடைய மருமகன் போட்டோவோடு கடைக்கு வந்தார்.

"சின்ன மாமா, பேனரு உங்க கையாலதான் ஆவணும்னு அத்த சொல்லிச்சு. கீழ உங்க பேரையும் போடச் சொல்லிச்சு."

பகை இதோடு முடியட்டும் என்று அண்ணி நினைத்திருக்கிறார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் அண்ணன் பெயரைக் குண்டு எழுத்தில், மஞ்சளில், சிவப்பு விளிம்போடு போட்டேன். என் பெயரைச் சேர்க்கவில்லை. மருமகன் பிரித்துப் பார்க்காமல் வாங்கிப் போனார்.

ரிஷிவந்தியம் போகும் வழியில் சாலையோரம் இருந்த அண்ணன் வீட்டு வாசலில் அதைக் கட்டிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பறைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா இது, பெருசு ஜிலேபி கடை தொறந்துகீதா?"

நாலு பேர் சிரித்தார்கள். அண்ணி எழுந்து என்னிடம் வந்தார்.

"தெரியாம போட்டீங்களா, தெரிஞ்சே போட்டீங்களா?"

"பஸ்ஸுல போறவங்களுக்குத் தெரிய வேணாமா அண்ணி? பெரிய மனுஷன் சாவாச்சே."

அவர் அழுகை நின்றது. "செத்தும் அந்தாள வுடலயே நீங்க. போங்க தம்பி. இனிமே இந்த வூட்டு வாசல மிதிக்காதீங்க."

மருமகன் பேனரை அவிழ்க்கப் போனார்.

"கெடக்கட்டும் வுடு," என்றார் அண்ணி. "ஊரு பார்க்கட்டும்."

காரியம் முடிந்ததும் பழைய ஃப்ளெக்ஸை எங்கள் பக்கத்தில் எதற்காவது போர்த்துவார்கள், எழுத்து உள்பக்கம் போகும்படி. அண்ணி அதை மாட்டுக்கொட்டகையின் சாலைப் பக்கத்தில், எழுத்து வெளியே தெரியும்படி அடித்து வைத்தார். இப்போது போட்டோ வெளுத்துவிட்டது. உறவினர் பெயர்களும் போய்விட்டன. அண்ணன் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

கடையை மூடிவிட்டேன். மன்னிப்புக் கேட்க இரண்டு முறை பஸ் ஏறினேன். இரண்டு முறையும் நிறுத்தத்துக்கு வெகு முன்பே ஜன்னலில் அந்தப் பெயர் தெரிந்தது. நான் இறங்கவில்லை. ரிஷிவந்தியம் வரைக்கும் போய்த் திரும்பினேன்.