அம்மாவின் முதுகில் தேய்த்த கிராம்பு எண்ணெய்

அம்மாவின் முதுகுவலிக்கு அந்த எண்ணெயை வாங்கி வந்தது நான்தான். செனாய் ஊரில் தொழிற்சாலை வேலை முடிந்து வரும் வழியில், பேரங்காடிக் கடை ஒன்றில் வாங்கினேன். சின்னப் புட்டியில் கிராம்பு எண்ணெய். தண்ணீரில் விட்டு ஆவியாக்கினால் அறையே மணக்கும், வலிக்கும் நல்லது என்றாள் கடைப்பெண். புட்டியில் ஆங்கிலத்தில் ஏதோ பொடி எழுத்து இருந்தது. நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். படிக்கவில்லை.

எங்கள் வீட்டில் தலைவலி, வயிற்றுவலி, கொசுக்கடி எல்லாவற்றுக்கும் மருந்து எண்ணெய்தான். புட்டியைக் கவிழ்த்து அப்படியே தேய்ப்போம். இதையும் அப்படித்தான் தேய்த்தேன். புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்தில் அம்மாவின் தோல் ஏற்கெனவே வெங்காயச் சருகு மாதிரி இருந்தது.

"என்னடி, கோழிக்கு மசாலா தடவுற மாதிரி தடவுற?"

"எரியுதாம்மா?"

"சூடா இருக்கு. நல்லாத்தான் இருக்கு, தேயி."

மறுநாள் தாதி வந்தார். வாரம் ஒருமுறை பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவைப் பார்ப்பவர். மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவின் சட்டையைத் தூக்கினார். நடுமுதுகு சிவந்து மூன்று கொப்புளங்கள்.

"யாரு போட்டா இத?"

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் போட்டுக்கிட்டேன் மிஸ்ஸி," என்றாள் அம்மா.

மிஸ்ஸி புட்டியைத் திறந்து முகர்ந்தார். "அலமாக், இது மருந்து எண்ணெய் இல்ல ஆன்ட்டி. நல்ல தோலுக்கே ரெண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில ஒரு சொட்டுதான். உங்க தோலுக்கு அதுவும் வேணாம். மோந்து பாக்குறதோட நிறுத்திக்குங்க."

அதன்பின் ஆறு வாரம் அம்மா இருந்தாள். நோய்தான் கொண்டுபோனது, எனக்குத் தெரியும். ஆனால் இருந்த வலி போதாதென்று நான் வேறு கொடுத்தேனே. கடைசியாகக் குளிப்பாட்டியபோது அந்த இடத்தைப் பார்த்தேன். ஆறியிருந்தது. பழுப்பாக ஒரு தழும்பு மட்டும்.

காரியம் முடிந்ததும், அம்மா படுக்க இரவலாகத் தந்திருந்த காற்று மெத்தையை எடுத்துப்போக மிஸ்ஸி வந்தார்.

"மிஸ்ஸி, அன்னைக்கு எண்ணெய் போட்டது நான்."

"தெரியும் லா. உங்கம்மாவால தலை சீவவே கைய தூக்க முடியாது. முதுகுக்கு எப்படி எட்டும்?"

"ஏன் என்னை ஒன்னும் கேக்கல?"

"கேக்கலாம்னுதான் திரும்புனேன். உங்கம்மா வேணாம்னு கண்ணக் காட்டுனாங்க."

மெத்தையைச் சுருட்டக் கை கொடுத்தேன். அம்மாவின் முதுகு கிடந்த இடத்தில் முகத்தை வைத்தேன். இன்னும் கிராம்பு வாசம்.

"கழுவித் தரவா?"

"வேணாம்மா, நாங்க கழுவிக்குவோம்."

முகத்தை அதிலேயே வைத்திருந்தேன். மிஸ்ஸி வாசலில் போய் நின்றுகொண்டார்.