பாடுகிற பென்டிரைவுக்குச் சீக்கு வராதாம்

உங்கள் பென்டிரைவ் கடைசியாக எந்தக் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டது என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. சொல்லத் தெரிந்தவர் ஒருவரையும் இந்த மூன்று வருஷத்தில் நான் பார்க்கவில்லை. ஊரிலுள்ள பென்டிரைவ்களின் சளி இருமலையெல்லாம் ஒரே கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்வதை எதிரே உட்கார்ந்து பார்ப்பதற்குப் பெயர்தான் ஜெராக்ஸ் கடை வேலை.

பண்ணைக்காடு பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே எங்கள் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மேஜைக்கு அடியில் என் மூன்று வயது மகள் யாழினி. இரண்டு தடவை வைரஸ் ஏறிக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இரண்டு தடவையும் அதைப் போர்வையில் சுற்றி மலையிறக்கி, வத்தலக்குண்டு மெக்கானிக்கிடம் கொண்டு போனோம். இரண்டாம் தடவை முதலாளி பாய் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இன்னொரு தரம் இது படுத்துச்சுன்னா வித்துட்டு, இங்கன மொளகு மூடை அடுக்கிருவேன். நீ வேற சோலி பாத்துக்கம்மா" என்றார்.

மேஜைக்கு அடியில் பிள்ளையை விளையாடவிட்டுச் சம்பளமும் கொடுக்கிற வேலை இந்த மலையில் இன்னொன்று இல்லை. அன்றிலிருந்து வைரஸுக்கும் எனக்கும் நேரடிச் சண்டை. பொதுக் கம்ப்யூட்டரால் அடிபட்டவர்கள் எல்லாரும் என் கட்சிதான் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் உன் வீட்டைக் கூட்டு

ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருவர் ஒருநாள் வந்தார். பென்டிரைவை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, அதற்கு மேல் ஒரு துணியும் சுற்றியிருந்தார். "ஒங்க கம்ப்யூட்டரை மொதல்ல சோதிச்சுக் காட்டுங்க, அப்புறந்தான் இதைச் செருகுவேன்" என்றார். நியாயமான பேச்சு. இப்படி நாலு பேர் கேட்டால் நாடு உருப்படும் என்று நினைத்துக்கொண்டு முழு ஸ்கேன் போட்டேன். கால்வாசி ஓடியதும் கரண்ட் போனது. மறுநாள் முக்கால்வாசி ஓடியதும் சில்வர் ஓக் கிளை ஒன்று ஒயரில் விழுந்து மறுபடி போனது. மனிதர் சளைக்கவில்லை. மூன்றாம் நாளும் வெள்ளனே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, யாழினியின் பிஸ்கட்டில் பாதியை வாங்கித் தின்றபடி காத்திருந்தார்.

ஸ்கேன் முடிந்தது. ஒரு வைரஸும் இல்லை. கண்ணாடி போட்டுத் திரையை அவரே ஒரு தரம் படித்துவிட்டு, துணியைப் பிரித்துப் பென்டிரைவைக் கொடுத்தார். செருகினேன். திரை முழுக்கச் சிவப்பு, பதினாலு வைரஸ்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. "பாத்தீங்களா, நான் வர்ற வரைக்கும் ஒங்க கம்ப்யூட்டர் சுத்தமாத்தான் இருந்திருக்கு" என்றார்.

ஒளிந்திருந்தவர்

எங்கள் பக்கம் அதிகம் சுற்றுவது ஒரு திருட்டு வைரஸ். உங்கள் ஃபோல்டரை ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் சட்டையில், மூலையில் ஒரு குட்டி அம்புக்குறியோடு தான் வந்து நிற்கும். நாம் நம்பித் தட்டினால் தீர்ந்தது. அதனால் அம்புக்குறி தெரிந்தால் நான் தொடுவதே இல்லை. ஸ்கேன் போட்டு அதைத் துரத்திவிட்டு, ஒளிந்திருப்பதையெல்லாம் காட்டு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வேன். போனது எல்லாம் அழகாக வந்து நிற்கும்.

காப்பித் தோட்டத்து அக்கா ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். மகளின் ஜாதகமும் போட்டோவும் பென்டிரைவில் இருந்ததாம், காணவில்லையாம், மாப்பிள்ளை வீட்டார் மதியம் வருகிறார்களாம். "அழாதீங்கக்கா" என்று வைரஸைத் துரத்திவிட்டு, ஒளிந்திருப்பதைக் காட்டச் சொன்னேன். ஜாதகம் வந்தது. போட்டோ வந்தது. கூடவே, யாரும் கூப்பிடாமல் இன்னொரு ஃபோல்டரும் வந்தது. அது வைரஸ் ஒளித்ததில்லை, மகள் ஒளித்தது. தட்டிப் பார்க்கிற வரைக்கும் எனக்கு அது தெரியாது. கொடைக்கானல் ஏரிக்கரையில் மகள், பக்கத்தில் ஒரு பையன், இரண்டு பேர் கையிலும் மக்காச்சோளம். நான் மூடுவதற்குள் அக்கா பார்த்துவிட்டார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "பாக்க லட்சணமாத்தான் இருக்கான். ஏம்மா, இவன் என்ன சோலி பாக்குறான்னு இதுலயே போட்டுப் பாக்க முடியுமா?"

வெரசாம்மா

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும், வாரம் தவறாமல் அதே வைரஸ் எப்படியோ கடைக்குள் வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பழையபடி இழுக்க ஆரம்பித்தது. பாய் ஒருநாள் வந்து, கடைச் சுவரை முழம் போட்டு அளந்துவிட்டுப் போனார். மூடைக்குத்தான்.

வருகிறவர்களில் யாருடையதை நான் ஸ்கேன் பண்ணுவதில்லை என்று யோசித்தேன். ஒரே ஒருவர்தான், ஜீப் ஓட்டுகிற முருகேசண்ணன். எங்கள் ஊரில் வத்தலக்குண்டுக்குப் போகவேண்டியது கறிவேப்பிலையானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் அவர் ஜீப்பில்தான் கொடுத்து விடுவோம். கறிவேப்பிலை பையில் போகும். பத்திரிகை, அவர் பாட்டுக் கேட்கிற பென்டிரைவில் போகும். கீழே அச்சாபீஸ், உரக்கடை, போட்டோ ஸ்டூடியோ என்று அது நுழையாத கம்ப்யூட்டர் இல்லை. இங்கே வந்தால் இஞ்சினைக்கூட நிறுத்தமாட்டார். "வெரசாம்மா, ஏழு பேரு உக்காந்திருக்காங்க" என்று ஜன்னல் வழியாக நீட்டுவார். நம்ம ஜீப்புதானே என்று நானும் அப்படியே செருகுவேன். தப்பு முழுக்க என்னுடையதுதான்.

ஒருநாள் பிடிவாதமாக ஸ்கேன் போட்டேன். போஸ்ட்மாஸ்டர் கொண்டுவந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. வைரஸ் ஒளித்து வைத்த பாட்டையும் ஜீப்பிலிருக்கிற பாட்டுப் பெட்டி தேடிப்பிடித்துப் பாடிவிடும், அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை என்று பொறுமையாக விளக்கிச் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் "ஏலே முருகேசா, சீக்கு ஒன் பென்டிரைவுக்காம், வண்டியை எடு" என்றார். முருகேசண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒலியைக் கூட்டிவைத்து, கையை என் பக்கம் நீட்டிக் கேட்டார்: "எம்புட்டுத் தெளிவாப் பாடுது கேளு. பாடுற வாய்க்கு என்னம்மா சீக்கு?"

பூட்டு

பேசிப் பயனில்லை, முருகேசண்ணனுக்கு வேறு பென்டிரைவே கொடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பினேன். பக்கவாட்டில் குட்டிப் பூட்டு வைத்த பென்டிரைவ் கடைசியாக ஒன்றே ஒன்று கிடைத்தது. பூட்டைத் தள்ளிவிட்டால் உள்ளே இருப்பதைக் கேட்கலாம், பார்க்கலாம். புதிதாக ஒரு எழுத்துகூட ஏறாது, வைரஸும் ஏறாது. வேலை செய்கிறதா என்று பார்க்க, கையில் கிடைத்த யாழினியின் பாப்பா பாட்டுகளை ஏற்றிப் பூட்டினேன். அந்த நேரம் ஜீப் வந்தது. "அண்ணே, இது ஒங்களுக்குத்தான், பூட்டிட்டா சீக்கு ஏறாது. சாயங்காலம் வாங்க, ஒங்க பாட்டை ஏத்தித் தாரேன்" என்றேன். இஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும். ஜன்னல் வழியாகக் கையை விட்டு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போனவர் சும்மா இருக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டி குலுங்கிப் பூட்டு திறந்துவிட்டால் என்ன ஆவது என்று பயந்து, பஞ்சர் கடையில் பசை வாங்கிப் பூட்டின் மேல் நன்றாக அப்பிவிட்டார். இனி அந்தப் பூட்டை யாராலும் அசைக்க முடியாது. வேறு பென்டிரைவ் போடச் சொன்னால், "தங்கச்சி பூட்டிக் கொடுத்ததுதான் பத்திரம்" என்கிறாராம்.

வத்தலக்குண்டுக்குப் போகிற பத்திரிகையும் இப்போது காகிதத்தில்தான் போகிறது. ஐந்து மாதமாகக் கடையில் ஒரு வைரஸ் இல்லை. பாய் வந்து பார்த்தார், பாராட்டவில்லை, எனக்கு ஒரு புது நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டுப் போனார். ஆனால் ஜீப்பில் தினமும் போகிற பெரிய மனிதர்கள் மலையிறங்கி முடிக்கும்வரை ஆனைப் பாட்டும், ஒண்ணு ரெண்டு எண்ணுகிற பாட்டும் கேட்கிறார்கள். இறங்கும்போது டாட்டா சொல்லிக்கொள்கிறார்கள் என்றும் கேள்வி.

வைரஸைத் தடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, தடுத்த பிறகு ஊரார் கண்ணில் படாமல் நடமாடுவதுதான் கஷ்டம். நேற்று மிளகு வியாபாரி ஒருவர், முறுக்கிய மீசையோடு கடைக்கு வந்து, யாருக்கும் கேட்காமல் என்னிடம் குனிந்து சொன்னார்:

"எம்மா, ஏவாரம் பேசையில என்னை அறியாம வாயில ஆனைப் பாட்டு வந்துருது. ஒனக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் பழைய வைரஸையே முருகேசனுக்குத் திருப்பி ஏத்தி விட்டுரும்மா."