மாதம்மா வீட்டுக் காற்றுத் திருடன்

இந்த ஊரில் ஒரு பெண் தன் வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால், வழியில் போகிறவர்கள் நின்றுவிடுகிறார்கள். இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. போன மாதம் சங்கிலிக்கு எண்ணெய் விடலாம் என்று சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, எண்ணெய்ப் போத்தலை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால், பழைய இரும்பு வாங்குகிற மனிதர் பின்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருக்கிறார். "வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா ஆயா? நீங்களே கொண்டாந்து போட்டுட்டீங்க" என்று எனக்காக வருத்தப்பட்டார். விற்பதற்கு இல்லை, திருத்துவதற்கு என்றேன். யார் திருத்தப் போகிறார்கள் என்று கேட்டார். நான் என்னைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் குடமும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். முன்பின் தெரியாதவர்களோடு எதிர்த்துக் கதைக்க எனக்கு வராது. அதனால் முன்சக்கரத்தை நான் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றோம். கடைசியில் அவர்தான் கையை விட்டார்.

நான் மன்னார்ப் பக்கத்தவள். தருமபுரி மாவட்டத்தில் ஒரு முகாமில் குடியிருக்கிறேன். வந்த நாளில் மடியில் இருந்த பிள்ளைக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் என்னைச் சிலோன் ஆயா என்கிறார்கள். எங்கள் ஊரில் சந்தை, கோயில், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பெண்கள் சைக்கிளில்தான் போவோம். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. சண்டைக் காலத்தில் சைக்கிள் சாமான்கள் வருவது நின்றபோது கடைக்காரரும் கையை விரித்துவிட்டார். அதன்பிறகு வீட்டுக்கு வீடு சைக்கிள் கடைதான். ரயர் கிழிந்தால் பழைய ரயர்த் துண்டை உள்ளே கொடுத்து நைலோன் நூலால் தைத்தோம். கிரீஸ் இல்லாத இடத்துக்குத் தேங்காய் எண்ணெய் போனது. ரேடியோவுக்குப் பற்றரி இல்லாதபோது சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றினோம், டைனமோ மின்சாரத்தில் ரேடியோ பாடியது. என் மாமியார் தனக்குப் பிடிக்காத செய்தி வந்தால் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார். அன்றைக்கு யார் வென்றார்கள் என்பது எங்கள் வீட்டில் அவருடைய கைவலியைப் பொறுத்தது.

முகாமுக்கு வெளியே, வேலியை ஒட்டிய வீடு மாதம்மாவுடையது. அவளும் நானும் சேர்ந்திருந்து புளியில் கொட்டை எடுத்துப் பழகியவர்கள். அவளுடைய மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிள் ஒன்று இருந்தது. மகள் கலியாணமாகி ஏரியூருக்குப் போன பிறகு, ஆட்டுக் கொட்டகையில் கிடந்த அந்தச் சைக்கிளின் கூடையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இந்த வருடம் மாதம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி வேன் விடியற்காலையில் மெயின் ரோட்டில் வந்து நிற்கும், ஊருக்குள் வராது. நடந்து போனால் பிடிக்க முடியாது. கலியாணத்துக்கு முன் அண்ணனின் சைக்கிளை ஓட்டிப் பழகியவள்தான். ஆனால் வீட்டுக்காரர் சின்னப்பையனிடம் வேலையைப் பற்றிச் சொன்னபோது, "இந்த வயசுல சைக்கிளு எதுக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாராம். பெயர்தான் சின்னப்பையன். ஆளுக்கு நரைத்த பெரிய மீசை. அதை முறுக்குகிற நேரம் போக மிச்ச நேரத்தில்தான் பேசுவார்.

மாதம்மா கோழியை எழுப்பிவிட்டுச் சைக்கிளை என்னிடம் கொண்டுவந்தாள். துருப்பிடித்த சங்கிலியை எண்ணெயில் ஊறப்போட்டேன். பிரேக் கட்டை மாற்றினேன். ரியூபைத் தண்ணீர் வாளியில் அமிழ்த்தி, குமிழி வந்த இடங்களில் ஒட்டுப் போட்டேன். சைக்கிள் வடிவாக ஓடியது. மாதம்மா வேனைப் பிடித்தாள். அதற்கு அடுத்த நாளே விடியற்காலையில் வேலியடியில் அவள் குரல் கேட்டது. இரண்டு ரயரும் சப்பட்டை. காற்றடிக்கிற துவாரத்தில் ஒரு சின்ன ஊசியும் அதன்மேல் மெல்லிய ரப்பர் குழாயும் இருக்கும், இங்கே அதை வால்டியூப் என்கிறார்கள். அது இரண்டு சக்கரத்திலும் இல்லை. யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். என்னிடமிருந்ததை மாட்டிக் காற்றடித்து அனுப்பினேன். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும்.

யார் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. ஆட்டுக் கொட்டகைக்குள் வேறு யார் போவார்கள்? அவரிடம் நேரே கேள் என்றேன். "கேட்டா வேணாம்னு சொல்லிருவாரு ஆயா. கேக்காத வரைக்கும் அவரு வேணாம்னு சொல்லலீங்களே" என்றாள். சைக்கிளை இரவில் என் வாசலில் விடு என்றேன். அப்போது சைக்கிள் எங்கே என்று அவர் கேட்பார், கேட்டால் பேச்சு வளரும் என்றாள். இதற்குள் இரண்டு தடவை வேனைத் தவறவிட்டிருந்தாள். இன்னொரு தடவை வராவிட்டால் பிறகு வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, தன் சாப்பாட்டுப் பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டேன். ஆனால் வாய் திறக்காதவர்களுக்கும் கை இருக்கிறது. அன்று மாலை அவள் வேலையால் வந்ததும், சங்கிலியில் வழித்த கறுப்புப் பசையை இரண்டு சக்கரத்திலும் வால்டியூப் மூடியைச் சுற்றித் தடவிவிட்டேன். அது கையில் பட்டால் லேசில் போகாது. மறுநாள் விடியற்காலை அவளுக்கு வழக்கம்போலக் காற்றடித்து அனுப்பிவிட்டுப் பால் சொசைட்டிக்குப் போனால், அங்கே ஒரே சிரிப்பு. சின்னப்பையன் பால் கேனோடு வரிசையில் நிற்கிறார். மீசையின் வலப்பக்கம் கறுகறுவென்று இளமை திரும்பியிருக்கிறது, இடப்பக்கம் பழையபடி வெள்ளை. "என்னாங்க மாமா, ஒரு பக்கத்துக்குத்தான் டை அடிச்சீங்களா? அந்தப் பக்கம் அடுத்த வாரங்களா?" என்று பால் ஊற்றுகிற பையன் கேட்டான். பொண்ணு பார்க்கப் போகிறார் என்றார் ஒருவர். மாதம்மா சம்பாதிக்கிறாள், அதுதான் மாமனுக்கு மினுக்கு என்றார் இன்னொருவர். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோதெல்லாம் மீசையை முறுக்குவது அவர் வழக்கம். முறுக்க முறுக்கக் கறுப்பு கன்னத்துக்கும் ஏறியது. நான் பால் வாங்காமலே திரும்பி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் என் வாசலில் நின்றார். நான் முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். நாங்கள் இந்த ஊரில் இருக்க இடம் கிடைத்தவர்கள். ஊர்க்காரர் ஒருவர் கோபத்தோடு முகாமுக்குள் வந்தால் அது என்னோடு மட்டும் முடியாது. பக்கத்து வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. அவர் மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே வால்டியூப்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒழுங்காக அடுக்கியிருந்தன.

"எலி கடிச்சிரும்னு எடுத்து வெச்சேங்க. நீங்களும் தெனம் புதுசா ஒன்னு மாட்டறீங்க. பழசு இனி ஆவாதுங்களா?"

நான் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"பயிருக்கு மருந்தடிக்கிற டேங்க் இருக்குதுங்களே ஆயா, வேல முடிஞ்சா அதுல காத்த எறக்கி வெச்சிரணும். இல்லன்னா வாஷர் போயிரும். இதுவும் காத்துதானுங்களே? பாவம், பகலெல்லாம் ஒரு ஆள சொமந்துட்டு வருது. ராத்திரியாச்சும் ஓயட்டும்னு எறக்கி வுட்டேன்."

அவர் வாழ்நாளில் சைக்கிள் வைத்திருந்ததில்லை. மாடு தெரியும், மருந்து டேங்க் தெரியும். வேலை முடிந்து வருகிற மாட்டை நுகத்திலிருந்து அவிழ்த்துவிடுவது போல, தினமும் மனைவியின் சைக்கிளிலிருந்து காற்றை அவிழ்த்துவிட்டிருக்கிறார். காலையில் மனைவி புறப்படும் முன்பே வயலுக்குப் போய்விடுகிறவர், அவள் பட்ட பாட்டைப் பார்க்கவுமில்லை. அவள் சைக்கிளில் போவதில் உங்களுக்கு விருப்பமில்லை என்றாளே என்று மெல்லக் கேட்டேன். "இந்த வயசுல வுழுந்தா எலும்பு சேராதுன்னு சொன்னேங்க. போவாதேன்னு எப்பங்க சொன்னேன்?" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, மீசையைத் தொட்டுக் காட்டி, இந்தக் கறுப்பு எதனால் வந்தது, எதைப் போட்டால் போகும் என்றும் கேட்டார். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். எதனால் வந்தது என்ற கேள்வி காதில் விழாதவள் போல இருந்துவிட்டேன்.

மாதம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு சிரிக்கவுமில்லை. நேரே வீட்டுக்குப் போய், "சைக்கிளுக்கு ராத்திரி ஓய்வு குடுத்தீங்களே, அத்த ஓட்டிட்டு வர்றவளுக்கு என்னைக்காச்சும் குடுத்தீங்களா?" என்று கேட்டது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பதிலுக்கு அவர் மீசையை முறுக்கியிருப்பார்.

அதற்குப் பிறகு காற்றடிக்கிற உத்தியோகத்தை அவரே எடுத்துக்கொண்டார். வயலுக்குப் போவதைத் தள்ளிவைத்து, விடியற்காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வாசலுக்கு வந்து, என் பம்பை வாங்கி அடிப்பார். போதும் என்றால் கேட்கமாட்டார். இளைத்த மாட்டுக்குத் தீனி வைப்பது மாதிரி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அடிப்பார். ரியூபில் நான் போட்ட ஒட்டுகளே இடமில்லாமல் நெருங்கி இருந்தன. இதைச் சொன்னேன். "வேன் போயிரக் கூடாதுங்க" என்று மட்டும் சொன்னார். தன்னால் அவள் தவறவிட்ட வேன்களையெல்லாம் அந்த ரயருக்குள்ளே அடைத்துவிட நினைத்தாரோ என்னவோ.

ஒருநாள் மாதம்மா புடவையைச் செருகிக்கொண்டு, கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பையோடு பக்கத்தில் நிற்கிறாள். முகாமின் குழாயடியில் எங்கள் வயதுப் பெண்கள் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார்கள். அவர் அடிக்கிறார், அடிக்கிறார். படார் என்று வெடித்தது.

நான் எப்போது படுத்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு கன்னம் மண்ணில் இருந்தது, கைகள் தலையின் மேல் இருந்தன. குழாயடியில் இருந்த பெண்களும் அப்படியே கிடந்தார்கள். குடங்கள் உருண்டு தண்ணீர் எங்களை நோக்கி ஓடிவந்தது. தீபாவளி வெடி சொல்லிவிட்டு வரும். இது சொல்லாமல் வந்துவிட்டது. மாதம்மா எங்களைப் பார்த்தாள், வெடித்த ரயரைப் பார்த்தாள். என் சுவரில் சாய்ந்திருந்த என்னுடைய சைக்கிள் ஆண்கள் ஓட்டுவது, நடுவில் பார் உள்ளது. அவள் அதைத் தள்ளிக்கொண்டு ஓடி, காலைத் தூக்கிப் போட்டு ஏறிப் போய்விட்டாள். வேனைப் பிடித்தாளா என்று நீங்கள் கவலைப்படாமல் இருக்க இப்போதே சொல்லிவிடுகிறேன், பிடித்துவிட்டாள்.

சின்னப்பையன் பம்பும் கையுமாக நின்றார். சுற்றிலும் கிழவிகள் கிடப்பதைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பம்பை மெல்லக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில் அவரும் குப்புறப் படுத்துக்கொண்டார். கைகளையும் எங்களைப் போலவே தலையில் வைத்துக்கொண்டார். குழாயடியில் யாரோ சிரிக்கத் தொடங்க, எனக்கும் வயிறு குலுங்கியது. சிரித்தும் கையைத் தலையிலிருந்து எடுக்க முடியவில்லை.

"எந்திரிக்கலாங்களா ஆயா?" என்று மண்ணுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டார்.

எங்கள் ஊரில் குண்டு விழும்போது முதல் சத்தத்தோடு யாரும் எழும்புவதில்லை, இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டும். மேலே இருந்த என் காது அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. மண்ணில் பதிந்திருந்த மற்றக் காதில், மெயின் ரோட்டை நோக்கிப் போகிற சைக்கிளின் கடகட சத்தம் கேட்டது.

"எழும்புங்கோ தம்பி" என்றேன். அவர் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டார். நான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.